இரண்டாம் நம்பர் காற்று

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தான் கோபினா. ஃபேன் இரண்டில் சுற்றியது.

நான்கில் வைத்தான். இரண்டு. ஒன்றுக்கு இறக்கினான். அப்போதும் இரண்டு. அணைத்தால் மட்டும் ஒழுங்கு மரியாதையாக நின்றது. வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இறக்கை ‘டக்’கென்று எதையோ தட்டும், அந்த டக் டக்கை அவன் ஒன்பது வருடமாக இந்த அறையின் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். மாமனார் எசில்ஃபி பெரியவர் உயிரோடு இருந்தவரைக்கும் இந்த ஃபேன் இரண்டைத் தாண்டியதில்லை. “ஒண்ணுல வச்சா கொசு போகாது, மூணுல வச்சா பேப்பர் பறக்கும்” என்பது அவருடைய சித்தாந்தம். தகோராடி துறைமுகத்தில் முப்பது வருடம் மின்பிரிவு மேஸ்திரியாக இருந்தவர். சித்தாந்தங்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

இப்போது அவர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தார். செகண்டி ஊரில் யாரும் பிணவறை என்று சொல்லமாட்டார்கள், ‘ஃப்ரிட்ஜ்’ என்பார்கள். ஐந்து வாரமாக ஃப்ரிட்ஜில். இன்றிரவு எட்டு மணிக்கு அவரைக் கொண்டுவந்து இந்த அறையில், இந்தப் பித்தளைக் கட்டிலில் கிடத்த வேண்டும். விடியும்வரை ஊர் சனம் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போகும். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதிலும் பாதிக் கண்ணாடிகள் இறுகிப்போய்த் திறக்காது. நூறு பேர் மூச்சுவிட்டால் பெரியவர் விடியும்வரை தாங்கமாட்டார் என்று குடும்பத் தலைவரான பெரிய மாமா நாசூக்காகச் சொல்லியிருந்தார். ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் இங்கே, இல்லாவிட்டால் சர்ச் ஹாலில்.

அவன் மனைவி எக்குவா அழுதாள். அப்பா தன் அறையிலிருந்துதான் போகவேண்டும் என்றாள். எலக்ட்ரீஷியனோ வேறொரு சாவு வீட்டில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தான். அடக்கமெல்லாம் சனிக்கிழமைகளில் நடக்கும் ஊரில் வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் கிடைத்தால் அவன் வேலை தெரியாதவன் என்று அர்த்தம். அப்போதுதான் கோபினாவின் வாய், மூளையைக் கலந்துகொள்ளாமல், “நான் பாத்துக்கிறேன், இது என்ன பெரிய விஷயம்” என்று சொல்லிவிட்டது. அவன் வாய்க்கு இது புதிதில்லை. அவன் வாழ்க்கையின் பெரும்பாலான சங்கடங்களுக்கு அதுதான் வாசல்.

“என்ன மச்சான்,” என்று கதவருகே எட்டிப்பார்த்தான் எக்குவாவின் தம்பி ஃபீஃபி. கறுப்புச் சட்டை, சிவப்புக் கைப்பட்டை, கையில் ஆம்புலன்ஸ் சாவி. “ஃபேன் சுத்துதா, இல்ல உங்க தலை சுத்துதா?”

“ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்துது.”

“நீங்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கப்பா ஃப்ரிட்ஜ்ல இருக்கார். அங்க போய் ஒக்காந்திருந்தா ரெண்டு பேருக்கும் ஒத்துப்போயிருக்கும்.”

“உயிரோட இருக்கும்போதே ஒத்துப்போகலை. போடா, போய் அவரக் கூட்டிட்டு வா.”

“எட்டு மணி மச்சான். அதுக்குள்ள இது ஓடலைன்னா வண்டிய நேரா சர்ச் ஹாலுக்குத் திருப்பிருவேன். பெரிய மாமா சொல்லிட்டார்.” ஒரு கணம் நின்று அறைக்குள் பார்த்தான். சிரிப்புக் குறைந்தது. “அக்காவுக்காகப் பாருங்க.”

கோபினா ரெகுலேட்டர் பக்கம் திரும்பினான். மதியம் இந்த அறைக்குள் வந்த விதமே அவனுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்று பழக்கதோஷத்தில் “அகோ” என்று சொல்லியிருந்தான். உள்ளே வரலாமா என்று கேட்கிற சொல். உள்ளே இருப்பவர் “ஆமே” என்று சொன்னால்தான் வாசலைத் தாண்ட வேண்டும். அதைச் சொல்லாமல் அடுத்தவர் அறைக்குள் போகிறவனை வளர்த்த தாயைத்தான் ஊர் கேட்கும். ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் இந்தக் கதவில் அகோ சொன்னான். ஒன்பது வருடமாக உள்ளிருந்து பேப்பர் புரளும் சத்தம், ஃபேனின் டக் டக், தைலத்தின் வாசனை. ஆமே மட்டும் வந்ததில்லை. கொண்டுவந்த மீனையோ பழத்தையோ வெளி நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். இன்றைக்கும் பதில் வரவில்லை. திருடன்போலத்தான் நுழைந்தான்.

பழைய ரெகுலேட்டரைக் கழற்றியபோது சுவர்ப் பெட்டிக்குள் ஓர் அட்டை கம்பியில் கட்டித் தொங்கியது. துறைமுகப் பட்டறையில் பழுது பார்க்கும் இடத்தில் மாட்டுவார்களே, அந்த மாதிரி. பெரியவரின் சாய்ந்த கையெழுத்து. ‘என்னைக் கேட்காமல் தொடாதே. எசில்ஃபி.’

“கேட்டனே மாமா,” என்றான் கோபினா. “நீங்கதான் பதில் சொல்லலை.” அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டு ஒயரிங் முழுக்கப் பெரியவர் கைவேலை. யாரையும் நம்பாதவர், நிறத்தையும் நம்பவில்லை. எல்லோரும் சிவப்பில் விடும் மின்சாரத்தைக் கறுப்பில் விட்டிருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் கோபினா ஒருமுறை தெறித்து விழுந்தான். பிறகு மெயினை அணைத்தான், புதிய ரெகுலேட்டரை மாட்டினான், மெயினைப் போட்டான். ஐந்து. ஃபேன் இரண்டில் சுற்றியது.

சரி, கண்டென்சர் தளர்ந்திருக்கும். ஏணி ஏறி, மேல் கிண்ணத்தை இறக்கி, ஒட்டடையும் பல்லி முட்டை ஓடுகளும் கண்ணில் கொட்ட, புதியதை மாட்டினான். இரண்டு. ஒருவேளை மின்சாரமே பலவீனமோ. மீட்டரை வைத்தான், முள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கடைசியாக, படித்தவன் எவனும் செய்யமாட்டான் என்று தெரிந்தே, ரெகுலேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றினான். இனி வேகத்தைக் குறைக்க வழியில் எதுவுமே இல்லை. முழு வேகத்தைத் தவிர ஃபேனுக்கு வேறு கதி கிடையாது.

டக். டக். டக். டக்.

ஸ்க்ரூ டிரைவரை எறிந்தான். அது கட்டில் காலில் பட்டு உருண்டது. தலையணையிலிருந்து கால்மாட்டுவரை வெள்ளை லேஸ் விரித்த கட்டில், கல்யாணத்துக்குப்போல. பக்கத்தில் பெரியவரின் மூங்கில் நாற்காலி. சுவரில் நாளைக்கான போஸ்டர்: ‘எண்பத்து மூன்று வயதில் அழைக்கப்பட்டார்.’ யார் அழைத்தாலும் உடனே போகிற ஆள் இல்லை என்று போஸ்டருக்கு எப்படித் தெரியும்.

“அகோ,” என்று எக்குவாவின் குரல்.

“ஆமே, ஆமே. உன் வீட்டுல நீ என்னத்துக்கு அகோ சொல்ற.”

“அப்பா ரூமாச்சே. சொல்லாம வந்து பழக்கமில்லை.” தட்டில் புளித்த சோளமாவு உருண்டையான கென்கேயும் பொரித்த மீனும் அரைத்த மிளகாயும். ஐந்து வாரத்தில் அவள் முகம் பாதியாகியிருந்தது. அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். அதுதான் அவனைக் குத்தியது.

“உங்கப்பாவுக்கு என்னைப் புடிக்காது, சரி. அவர் ஃபேனுக்குமா?”

“அதுக்கும் சொல்லிக் குடுத்திருப்பார்.” சிரித்தாள். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. உடனே அது உடைந்தது. “கோபினா, ஒரே ராத்திரிதான் கேக்குறேன். ஹால்ல, பிளாஸ்டிக் சேருக்கு நடுவுல அவரப் போடவேணாம். எழுவது வருஷம் இந்தக் கட்டில்ல படுத்தவர்.”

“ஓடும். ஓடலைன்னா நானே மேல ஒக்காந்து கையால சுத்துவேன்.”

“உன் எடைக்குக் கூரையே வந்துரும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வழி குடு, போறேன். சமையல் கெடக்கு.”

விருந்தாளி விடைபெறும்போது கேட்பது அது. விட மனமில்லாதவர் சொல்லும் பதிலை அவனும் சொன்னான். “பாதி வழி தர்றேன். மீதிய வாங்க வரணும்.”

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். முறுக்கிய ஒயரைப் பிரித்தான். மூன்று ஸ்க்ரூவை உதட்டிடுக்கில் கவ்விக்கொண்டான். “வாயில ஸ்க்ரூ வச்சு வேலை பாக்கிறவனுக்குப் பொண்ணு குடுக்கிறதா” என்று பெரியவர் முதல் நாளே கேட்டிருந்தார். பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அன்றைக்கும் வாயில் ஸ்க்ரூ இருந்ததுதான்.

மணி ஐந்தரை இருக்கும். கடல்பக்கத்திலிருந்து மழை ஏறிக்கொண்டிருந்தது. அறை சாம்பல் நிறமாகி, மூலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முற்றத்தில் பந்தல் கட்டுகிறவர்கள் கம்பிகளைப் போட்டுவிட்டு ஒதுங்கும் சத்தம், தகரத்தில் முதல் துளிகள், சமையல் புகையோடு கலந்த ஈர மண்ணின் வாசனை, தூரத்தில் சர்ச் பாடகர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்ப்பது எல்லாம் சுவருக்கு அப்பால் மெல்ல மெல்லத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கரண்ட் போய்விட்டது.

மூங்கில் நாற்காலியின் நிழல் சுவரிலிருந்து கரைந்தது. கோபினாவின் கையில் பிரித்த இரண்டு ஒயர் முனைகள் இருந்தன. ஃபேன் முன்பே நின்றிருந்தது. இருட்டில் அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தடவித் தேடினான்.

“அகோ.”

கதவுக்கு வெளியே. தாழ்ந்த, அவசரமில்லாத குரல்.

“ஆமே,” என்றது அவன் வாய், ஸ்க்ரூக்களுக்கு நடுவே, மூளையைக் கலந்துகொள்ளாமல்.

யாரும் வரவில்லை.

பெரிய மாமாவாக இருக்கும், வேலை முடியவில்லையென்று தெரிந்து திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்தான். ஆனால் அந்தக் குரல் அவன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுத்தது. பொழுது சாய்ந்தபின் ஆள் தெரியாத அகோவுக்கு முதல் தடவையே பதில் சொல்லாதே என்று அவன் அம்மா சொல்லுவாள். மனுஷனாக இருந்தால் இரண்டாவது தடவை கேட்பான். செத்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே, கேட்காமல் வரமாட்டார்கள். ஒரே ஒரு தடவை கேட்பார்கள்.

அதைக் காதில் வாங்கிய ஒருவன் உள்ளே இருந்து ஆமே சொன்னால் போதும்.

சொந்த அறைக்கு ஒருவர் எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று யோசித்தான். உள்ளே வேறு ஆள் இருந்தால் கேட்பார். மரியாதை தெரிந்தவர் கேட்பார்.

டக்.

அவன் தலையைத் தூக்கவில்லை.

டக். டக்.

ஒயர் முனைகளைத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் கையில்தான் இருந்தன, வெறுமையாக, ஒன்றையொன்று தொடாமல். தெருவில் விளக்கு இல்லை. மெயின் போட்டிருந்தாலும் கரண்ட் இல்லை. கழுத்தின் பின்பக்கத்து வியர்வையில் காற்று பட்டது. மிதமான காற்று. கொசு போகிற, பேப்பர் பறக்காத காற்று.

முதலில் தைல வாசனை. பிறகு அதற்கு அடியில் இன்னொன்று, அவன் தொழிலில் தினமும் முகர்கிற வாசனை. பல நாள் மின்சாரம் இல்லாமல் மூடிக்கிடந்த ஃப்ரிட்ஜைத் திறந்தவுடன் முகத்தில் அறையும் அந்தக் குளிர்ந்த, இனித்த நெடி. அதைத் தொடர்ந்து ஒரு சத்தம். அதுவும் அவனுக்குத் தெரியும். பனி உருகித் தட்டில் விழும் சத்தம்.

சொட்டு. சொட்டு.

ஃபோனை எடுத்து விளக்கைப் போட்டான். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. கதவிலிருந்து கட்டில்வரை சிமென்ட் தரையில் ஈரம். ஒரு பாதம். இன்னொரு பாதம். சின்னச் சின்ன அடிகள், முட்டி மடங்காதவர் நடந்ததுபோல. கதவு சாத்தித்தான் இருந்தது. லேஸ் விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம், ஆள் நீளத்துக்கு. பள்ளத்தைச் சுற்றி ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து சொட்டியது.

ஃபோன் விளக்கு தானாக அணைந்தது.

ஓடிவிடலாம். ஆனால் ஒன்பது வருடம் வாசலில் நின்றவனுக்கு முதுகைக் காட்டிப் போகத் தெரியவில்லை. பெரியவர் முன்னால் எப்படிப் போவார்களோ அப்படித்தான் போகவேண்டும். ஸ்க்ரூக்களைக் கன்னத்தில் ஒதுக்கினான்.

“மாமா,” என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. “கேக்காமத் தொட்டது தப்புதான். எக்குவாவுக்காகத்தான் வந்தேன். வழி குடுங்க மாமா. போறேன்.”

மழை. சொட்டு. டக் டக்.

பிறகு லேஸின் மேலிருந்து, பேப்பர் மடிக்கும் நிதானத்தோடு:

“பாதி தர்றேன்.”

கோபினா நடந்தான். சுவர்ப் பெட்டியிலிருந்து கதவு எட்டு அடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வரவில்லை. காலைத் தூக்கச் சொன்னான். கால் கேட்கவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவில்லை. வழி முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். நேர் மேலே ஃபேன். அதன் காற்று உச்சந்தலையில் விழுந்தது, யாரோ கை வைப்பதுபோல.

மீதி வழிக்கு யாராவது வரவேண்டும்.

கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இடது காலை லேசாக இழுக்கும் செருப்பு. உலகத்திலேயே அவனுக்கு மிகவும் பிடித்த சத்தம். வேண்டாம் என்று நினைத்தான்.

“அகோ,” என்றாள் எக்குவா.

அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் உள்ளே வரமாட்டாள். அப்பா அறைக்குள் அவள் சொல்லாமல் வந்ததே இல்லை. வாய் மட்டும் மூடியிருந்தால் போதும். வாழ்நாளில் ஒருமுறையாவது.

“அகோ.” இரண்டாவது முறை. மனுஷி. அவளேதான். “கோபினா, உள்ள இருக்கியா? இருட்டுல என்ன பண்ற? ஃபீஃபி போன் பண்ணான். அங்க ஏதோ குழப்பமாம். ஃப்ரிட்ஜ்ல அப்பா நம்பர் போட்ட தட்டு காலியா இருக்காம், வேற தட்டுல மாத்தி வச்சிருப்பாங்கன்னு தேடுறானுங்களாம்.” சிரிக்கப் பார்த்தாள், அழுகையாக வந்தது. “என்ன கொடுமை பாரு. நீயாவது ஃபேனு ஓடுதுன்னு சொல்லு.” கதவில் அவள் காது வைப்பது தெரிந்தது. “ஓடுதே. சத்தம் கேக்குதே.”

உள்ளே வராதே. போ. ஓடு. மூன்றும் தொண்டைவரை வந்து நின்றன. வாயைத் திறந்தால் அந்த மூன்றும்தான் வெளியே வரும் என்று அவனுக்கு நிச்சயமில்லை. ஸ்க்ரூக்களைப் பல்லால் கடித்தான். வலது கையால் வாயைப் பொத்தினான். அதன்மேல் இடது கையை வைத்து அழுத்தினான். மூக்கில் மூச்சு இரைந்தது. எண்ணினான். டக். டக். டக்.

கட்டிலில் ஈரத் துணி புரண்டது.

“ஆமே.”

நிதானமாக. தெளிவாக. ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவன் காத்திருந்த குரல், காத்திருந்த சொல்.

அது கட்டிலிலிருந்து வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் அடியில் அவனுடைய உதடுகள் அசைந்து, அடங்கின. விரலிடுக்கு வழியாக ஒரு ஸ்க்ரூ நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.